கிளி சொன்ன ராஜா

காலை ஏழு மணிக்கு நிபோங் திபாலில் ரயில் ஏறினேன். ஏழு என்பது டோக்கியோ கணக்கு. நாட்டைப் பிடித்த ஜப்பான்காரன் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்ததால் வெளியே கும்மிருட்டு. பினாங்குக்குக் கப்பல் ஏறும் பிறைக்கு இருபது மைல்தான். ரயில் நின்று நின்று போய்ச் சேர நான்கு மணி நேரம் ஆயிற்று.

பினாங்குக்கு நாடகம் பார்க்கப் போனேன் என்றால் சிரிப்பீர்கள். என் கணவர் தோட்டத்து லோரி டிரைவர். சயாமில் ரயில் பாதை போட, மூன்றே மாதம் என்று அழைத்துப் போனார்கள். பதினான்கு மாதமாக ஒரு வரி இல்லை. சயாமைப் பற்றி வாய் திறந்தால் நம்மையும் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆனால் அங்கிருந்து தப்பி வந்த ஒருவர் பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு நாடகத்தில் கிளி வேஷம் கட்டுகிறாராம். காட்டுக்குப் போன ராஜாவைப் பற்றி ராணியிடம் கிளி சொல்வதெல்லாம் சயாமில் கண்டதுதானாம். தோட்டம் தோட்டமாக இதே பேச்சு.

பெர்ரிக் கப்பலில் அக்கரை போய் இறங்கியதும் ஒரு திரிஷாக்காரர் தன் மூன்று சக்கர வண்டியோடு மடக்கினார்.

"கிளி பாக்கவாக்கா? குயின் தெருவுக்கு அஞ்சு வெள்ளிலா."

"அஞ்சா? நான் நடந்தே போயிக்கிறேன்."

"நடங்க. அழுதுட்டு வர்றப்ப நடக்க முடியாது, அப்ப ஏறிக்குங்க."

வியாபாரம் தெரிந்த மனிதர்.

விளக்குப் போடத் தடை என்பதால் பகல் இரண்டு மணிக்கே நாடகம். கொட்டகை நிறையப் பெண்கள். ஓரத்தில் துப்பாக்கியோடு ஒரு ஜப்பான் சிப்பாய். கிளி, பச்சைச் சாயம் தோய்த்த கோணிச் சாக்கில் வந்தது. உள்ளே இருந்த மனிதர் எலும்பும் தோலுமாக இருந்தார்.

"கிளியே, என் ராஜாவைக் கண்டாயா?" என்றாள் ராணி.

"கண்டேன் தாயே. மழையில் மலையைக் குடைகிறார். உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுவாரே, அவர் இன்று உப்பில்லாக் கஞ்சியைக் குறை சொல்லாமல் குடிக்கிறார்."

அது என் கணவரேதான்! உப்புக்காக அவர் என்னோடு மல்லுக்கட்டாத நாளே கிடையாது. உயிரோடு இருக்கிறார்! சிப்பாய் கிளியின் வாலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நாடகம் முடிந்ததும் பின்பக்கம் ஓடினேன். "அண்ணே, அந்த ராஜா நிபோங் திபால் லோரி டிரைவர்தானே?" என்று கேட்டேவிட்டேன். அப்படி யாரும் அங்கே நேராகக் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகம் வெளுத்தது. கதவருகே சிப்பாய் நின்றிருந்தான்.

"கதைதானேக்கா. போயிட்டு வாங்க," என்றார் சத்தமாக.

பயத்தில் மறைக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பெர்ரி ஏறினேன். பக்கத்தில் புக்கிட் மெர்தாஜாம் ஊர்ப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே சிரித்தாள்.

"எங்க வீட்டுக்காரருதான்க்கா அது. உப்பு இல்லன்னா தட்டு பறக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. பின்னால் இன்னொருத்தியும் தன் புருஷனின் உப்புச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். உப்புக்குச் சண்டை போடாத புருஷன் எந்த வீட்டில் இருக்கிறான்? கிளி மேல் கோபம் பொங்கியது. பிறகு அந்த மனிதரை நினைத்தேன். இறந்தவர்களையும் பார்த்துவிட்டுத்தானே வந்திருப்பார்? அத்தனை பெண்களுக்கும் அவர் வேறு என்னதான் சொல்ல முடியும்?

பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்தாள். "சொல்லுங்கக்கா, அவருதானே?"

"அவருதாம்மா. வேற யாரு?" என்றேன். என் புருஷனையே அவளுக்குத் தாரை வார்த்ததுபோல் நெஞ்சு எரிந்தது. அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். என்னவரும் அங்கே இருக்கிறார் என்று எனக்குச் சொல்ல அந்தப் பெர்ரியில் யாரும் இல்லை.