குறைக்கச் சொல்லி ஒரு விண்ணப்பம்

பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் அவரை எல்லோரும் பசையக்கா என்றுதான் கூப்பிடுவோம். விடைத்தாளின் முதல் பக்கத்தில் மாணவரின் பதிவெண் இருக்கும் பகுதியைக் கிழித்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் டம்மி நம்பர் சீட்டு ஒட்டுவது அவர் வேலை. திருத்துகிறவருக்கு யாருடைய தாள் என்று தெரியக்கூடாது. பதினெட்டு வருடங்களாக ஒட்டிக்கொண்டிருந்தார். வலது கட்டைவிரல் நகத்தோரம் பசை காய்ந்து எப்போதும் வெள்ளையாக இருக்கும். பேச வரும்போது அந்த விரலை மற்ற நான்கு விரல்களுக்குள் மடக்கிக்கொள்வார்.

அக்காவிடம் பட்டம் இல்லை. கணிதம் மூன்று வருடமும் படித்தவர்தான். ஒரே ஒரு தாள் அரியர்: பல்மாறி நுண்கணிதம். அந்தத் தாளுக்காக, நிரப்புகிற படிவங்களிலெல்லாம் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் ‘முடிக்கவில்லை’ என்று இருபத்திரண்டு வருடங்களாக எழுதி வந்தார். அவரிடம் வேலை கற்றுக்கொண்ட இரண்டு பேர் அவருக்கே மேலதிகாரிகளானார்கள். அவர்களுக்குப் பட்டம் இருந்தது. எதில் பட்டம் என்று யாரும் கேட்கவில்லை.

பழைய அரியர்காரர்கள் வகுப்பில் உட்கார்ந்து படித்தால் மறுபடி தேர்வெழுதலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதை எல்லாத் துறைகளுக்கும் அனுப்பியவன் நான். அவருக்குப் பக்கத்து மேசை. அக்கா அந்தச் சுற்றறிக்கையை மடித்துக் கைப்பையில் வைத்ததைப் பார்த்தேன். தேர்வெழுதப் போவதாக, விதிப்படி கண்காணிப்பாளரிடம் மட்டும் எழுதிக் கொடுத்தார். அந்தப் பருவம் முழுவதும் அவரை விடைத்தாள் அறையிலிருந்து மாற்றி, விண்ணப்பங்கள் வாங்கும் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். மற்றவர்களிடம் சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவதாகச் சொன்னார். படிப்பதைத் திருட்டைப் போல மறைக்க வேண்டியிருந்த நிலையை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கண்காணிப்பாளரைத் தவிர வீட்டில் மட்டும் தெரியும். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக்.

“என் லிஃப்ட் நடுவுல நின்னா அரை மணி நேரத்துல ஆளை இறக்கிடுவேன். உன் கணக்கு இருபத்திரண்டு வருஷமா அந்தரத்துல நிக்குது. உள்ள இருக்கிற ஆளு உயிரோட இருக்கா பாரு” என்றாராம்.

“இருக்கா. மூச்சுதான் கொஞ்சம் முட்டுது” என்றாராம் அக்கா.

வகுப்பு ஐந்தரை மணிக்கு. முப்பது பேரும் பத்தொன்பது, இருபது வயது. முதல் நாள் அக்கா உள்ளே நுழைந்ததும் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள், புது ஆசிரியை என்று நினைத்து. அவர் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தபோது எழுந்தவர்கள் உட்காரத் தெரியாமல் நின்றார்கள். அந்த அரை நிமிடத்தைப் பற்றி எனக்கு நாலு தடவை சொல்லியிருக்கிறார்.

பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு அக்கா வைத்த பெயர் குதிரைவால். தலையைத் திருப்பும்போதெல்லாம் அவள் முடி அக்காவின் நோட்டைத் துடைக்கும். கூர்மையான பெண். சந்தேகம் கேட்டால் அலுத்துக்கொள்ளாமல் சொல்லித் தருவாள்.

“அக்கா, நீங்க கணக்கைப் பார்த்து பயப்படுறீங்க. அது உங்களைப் பார்த்து பயப்படணும்.”

“என் வயசைப் பார்த்துக்கூட பயப்பட மாட்டேங்குதேம்மா.”

பாடம் நடத்தியவர் ஒரு தற்காலிக ஆசிரியர். நடத்தும் மணிக்குத்தான் சம்பளம் என்பதால் மாணவர்கள் அவரை மணிக்கணக்கு சார் என்பார்கள். வட்டமான பரப்பின் மேல் தொகையிடும் முறையை அவர் நடத்திய நாளை அக்கா மறக்கவில்லை. கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, கேக்கை வெட்டுவது போலத் துண்டு துண்டாகக் கோடு போட்டார்.

“நடுவுல பாருங்க, துண்டு ஊசி மாதிரி இருக்கு. ஓரத்துக்குப் போகப் போக அகலமாகுது. மையத்துலேருந்து எவ்வளவு தள்ளியிருக்கோ அந்த அளவு அகலம். அதனாலதான் ஒரு ‘ஆர்’ஐ பெருக்கணும். அந்த ஆரத்தை மறந்தா ஊசியும் ஓரமும் ஒண்ணுன்னு சொல்றீங்கன்னு அர்த்தம்.”

அக்கா சிரித்தார். தலையாட்டினார். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் தோற்ற தாளிலும் அவர் மறந்தது இதே ‘ஆர்’தான்.

தேர்வில் பரவளைய வடிவத்தில் ஒரு கவிழ்த்த கிண்ணம் வந்தது. உயரம் ஒன்பது, அடிவட்டத்தின் ஆரம் மூன்று, கன அளவு காண்க, பத்து மதிப்பெண். அக்காவுக்கு விடை அழகாக வந்தது: முப்பத்தாறு பை. பின்னமில்லாமல் முழு எண்ணாக வந்த மகிழ்ச்சியில் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

முடிவு வந்தது. தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். அக்காவுக்கு ஐம்பத்து மூன்று. மறுநாள் இனிப்புப் பெட்டியோடு வந்து மேசை மேசையாக நீட்டினார். அப்போதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. காசாளர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “கடவுள் கண்ணைத் திறந்துட்டார் அக்கா” என்றார். ஒரு பருவம் முழுவதும் ராத்திரியெல்லாம் கண் விழித்துப் படித்தவர் அக்கா. பெயர் கடவுளுக்கு.

பெட்டியில் இன்னும் நாலு துண்டு இருந்தபோது குதிரைவால் கவுன்டருக்கு வந்தாள். கையில் தன் விடைத்தாளின் நகல். அவளுக்கு நாற்பத்தாறு.

“அக்கா, நீங்க இங்கயா வேலை பார்க்கிறீங்க? நல்லதாப் போச்சு. இதைப் பாருங்க, கிண்ணம் கணக்குக்கு ரெண்டு மார்க்தான் குடுத்திருக்காங்க. மேற்படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. பதினெட்டாம் தேதிக்குள்ள பாஸ்னு காட்டணும்.”

அன்று தேதி பத்து. அக்கா தாளைப் பார்த்தார். அவள் எழுதியிருந்த விடை நாற்பதரை பை. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் ‘சரியான விடை 36 பை’.

அக்கா வாயிலிருந்து வந்தது கவுன்டரின் குரல்.

“மறுமதிப்பீட்டுப் படிவம் நிரப்பிக் குடும்மா. நாற்பது நாளாகும்.”

“நாற்பது நாளா?”

“விதி அப்படி.”

அவள் படிவத்தை வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது, “நீங்க பாஸாயிட்டீங்களா அக்கா?” என்று கேட்டாள். அக்கா இனிப்புப் பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளினார்.

சாப்பாட்டு இடைவேளையில், தப்பாக அச்சான ஒரு நுழைவுச்சீட்டின் பின்பக்கத்தில் அக்கா அந்தக் கணக்கைப் போட்டார். ‘ஆர்’ சேர்த்துப் போட்டால் நாற்பதரை. சந்தேகம் தீர இன்னொரு வழியிலும் போனார்: கிண்ணத்தைப் படுக்கை வாக்கில் மெல்லிய வட்ட வில்லைகளாக அறுத்து, வில்லைகளைக் கூட்டினார். அப்போதும் நாற்பதரை. ‘ஆர்’ஐ விட்டால் மட்டுமே முப்பத்தாறு. விடைக்குறிப்பு எழுதியவரும் அக்காவைப் போலவே மறந்திருந்தார். அந்தப் பிழையால் அக்காவுக்குக் கூடுதலாகக் கிடைத்தது எட்டு மதிப்பெண். அதைக் கழித்தால் நாற்பத்தைந்து.

அந்தச் சீட்டை அவர் கிழித்துப் போடவில்லை. டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தார். அங்கேயே ஒன்பது நாள் இருந்தது.

இந்த ஒன்பது நாளைப் பற்றி அக்கா என்னிடம் சாக்குச் சொன்னதில்லை. தினமும் காலையில் இன்று சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவாராம். அலுவலகத்தில் யாராவது கை கொடுப்பார்கள். காலியாகப் போகும் பதவிக்கு அவர் பெயரை எழுதிவிட்டதாகக் கண்காணிப்பாளர் சொல்வார். வீட்டில் கணவர், லிஃப்டுக்குள் மாட்டுகிற மாதிரி ஒரு எவர்சில்வர் தகட்டில் அவர் பெயரையும் பட்டத்தையும் வெட்டிக்கொண்டு வந்திருந்தார். அதைக் கதவில் மாட்ட வேண்டாம் என்று தடுக்கத்தான் அவரால் முடிந்தது.

நடுவில் ஒரு நாள் மணிக்கணக்கு சாரை மாடிப்படியில் பிடித்தார்.

“சார், அந்தக் கிண்ணம் கணக்கு...”

அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “தெரியும்மா. திருத்தும்போதே தெரியும்.”

“தெரிஞ்சுமா சிவப்பு மை போட்டீங்க?”

“விடைக்குறிப்பு துறைத்தலைவர் எழுதினது. என் ஒப்பந்தத்துல வருஷா வருஷம் கையெழுத்து போடுறதும் அவர்தான். நான் என்ன பண்ண?” படியில் இரண்டு எட்டு இறங்கியவர் திரும்பினார். “நீங்க பாஸ்தானே? விடுங்க.”

அந்த ‘விடுங்க’தான் தன்னை ஒரு மாதிரி ஆக்கிவிட்டது என்றார் அக்கா. அந்த மனிதரைத் திட்ட வாயெடுத்தாராம். திட்ட எடுத்த வார்த்தை ஒவ்வொன்றும் தனக்கும் பொருந்தியதாம்.

பத்தொன்பதாம் தேதி காலையில் கண்காணிப்பாளரின் மேசையில் ஒரு மறுமதிப்பீட்டுப் படிவத்தை வைத்தார்.

“இது என்னம்மா?”

“என் மார்க்கைக் குறைக்கணும் சார்.”

“காலையில சாப்பிட்டீங்களா?”

“படிவத்துல ‘அதிகரிக்க’ன்னு அச்சாகியிருக்கு. அதை அடிச்சுட்டு ‘குறைக்க’ன்னு எழுதியிருக்கேன்.”

“அப்படி ஒரு விண்ணப்பமே கிடையாதும்மா. கம்ப்யூட்டர் ஏத்துக்காது.”

“கையால ஏத்துங்க சார். கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி அப்படித்தானே ஏத்தினோம்?”

நுழைவுச்சீட்டின் பின்பக்கத்தையும் அதோடு இணைத்திருந்தார். நாற்பது நாள் என்ற விதி நாலே நாளில் காணாமல் போனது. இருபத்து மூன்றாம் தேதி, அந்த ஒரு கேள்வியை எல்லாத் தாளிலும் திருத்தி முடித்துவிட்டார்கள். மொத்தத்தில் இருபது பேர் தேறினார்கள். பதினொரு பேர் தோற்றார்கள். பதினொருவரில் ஒருவர் அக்கா. சுற்றறிக்கையை நான்தான் அனுப்பினேன். ‘தட்டச்சில் நேர்ந்த பிழை காரணமாக’ என்று தொடங்கியது. துறைத்தலைவர் விடைக்குறிப்பைத் தன் கைப்பட எழுதியிருந்தார். அதை யாரும் தட்டச்சு செய்யவே இல்லை.

வெட்கம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பாருங்கள். பிழை செய்தவருக்கு அதில் ஒரு துளியும் போகவில்லை. அதைச் சுட்டிக்காட்டியவர் தலையில் முழுவதும் வந்து விழுந்தது.

இதை அக்காவிடம் ஒரு முறை சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “நீ கணக்கு தப்பாப் போடுற தம்பி. நாலு நாள்ல முடிஞ்ச வேலை. பத்தாம் தேதியே சொல்லியிருந்தா பதினாலாம் தேதி அவ கையில பாஸ். பதினெட்டு தாண்டட்டும்னுதான் நான் உட்கார்ந்திருந்தேனோ என்னவோ. அது எனக்கே தெரியல.”

குதிரைவால் நன்றி சொல்ல வந்தாள். இடம் போய்விட்டது, அடுத்த வருடம்தான் மறுபடி கேட்க முடியும். ஆனாலும் நன்றி சொல்ல வந்தாள். யாரோ நல்ல மனதுடைய அலுவலர் கண்டுபிடித்ததாகக் கேள்விப்பட்டாளாம். அக்கா கவுன்டரை விட்டு வெளியே வந்து, நின்றபடியே எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார்: முப்பத்தாறு பை, டிபன் பாக்ஸ், ஒன்பது நாள்.

அவள் தன் பையின் வாரைத் திருகினாள்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல அக்கா” என்றாள். போய்விட்டாள்.

அடுத்த பருவம் அக்கா மறுபடி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். தேர்வில் கேள்வியைப் படிப்பதற்கு முன்பே, வெள்ளைப் பக்கத்தின் மூலையில் முதலில் ஒரு ‘ஆர்’ எழுதிவிட்டாராம். அறுபத்தாறு. இனிப்புப் பெட்டி வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பட்டச் சான்றிதழ்கள் கட்டாக வந்தன. அவற்றைக் கவுன்டரில் கொடுப்பதும் அக்காதான். துறைத்தலைவர் அத்தனையிலும் மை சிந்தாமல் கையெழுத்திட்டிருந்தார். நாலு மாதம் கழித்து குதிரைவால் தன்னுடையதை வாங்க வந்தாள். வேறு ஊரில் இடம் கிடைத்திருந்தது. அக்கா பதிவேட்டைத் திருப்பினார். அவள் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். அதற்கு மேல் வரியில் இருந்த பெயரைப் படித்தாள்.

“உங்களுது இன்னும் வாங்கலையா அக்கா?”

“அடியில இருக்கும்மா. ஒரு நாள் எடுத்துக்கிறேன்.”

அந்த மேல் வரியில், கொடுப்பவர் கட்டத்தில் அக்காவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. பெறுபவர் கட்டம் காலியாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளிதான். அக்கா பதிவேட்டை மூடினார், கட்டைவிரலை மடக்கிக்கொண்டு.