இடப்பக்கக் குமிழ்

எங்கள் வீட்டில் மின்கம்பிகள் இரண்டு ஒன்றையொன்று தொடக் கூடாது என்பது, செருப்போடு சாமியறைக்குள் நுழையக் கூடாது என்பதற்கு நிகரான விதி. அந்த விதியை நாள்தோறும் மீறுவதற்கென்றே எங்கள் குடும்பத்தில் ஒருவர் சம்பளம் வாங்கினார். அவர் என் அத்தை, அப்பாவின் தங்கை.

சுங்கை வே என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மின்வழங்கிப் பெட்டிகளைச் சோதிப்பது அவர் பணி. வீட்டு மின்சாரத்தைச் சிறு கருவிகளுக்கு ஏற்பக் குறைத்துத் தரும் பெட்டிகள் அவை. கம்பிகள் தவறித் தொட்டுக்கொண்டாலும், வரையறுத்த அளவுக்குமேல் மின்னோட்டத்தை அவை விடக் கூடாது. அதை அறிய, வேண்டுமென்றே கம்பிகளைத் தொடவிட்டுப் பார்ப்பார்கள். இத்தனையையும் விளக்கப் பொறுமையில்லாத அத்தை, யார் கேட்டாலும் ஒரே விடைதான் சொல்வார்.

அவரைப் பெண் பார்க்கப் பந்திங்கிலிருந்து கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். முன்பு வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தவர், அன்று தாமாகவே பட்டுடுத்தி நின்றார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இதுவும் கைநழுவிவிடக் கூடாதே என்ற கவலையும் கூடவே இருந்தது. மாப்பிள்ளைக்கும் சுங்கை வேயில்தான் வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். எந்தத் தொழிற்சாலை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மாப்பிள்ளையின் தாயார் முறுக்கைக் கடித்தபடி கேட்டார்: "வேலைக்குப் போறியாமே, என்னம்மா வேலை?"

"ஷார்ட் பண்றேன் ஆன்டி. காலையிலேருந்து சாயந்திரம் வரைக்கும் அதான்."

முறுக்கு கடிபடும் ஓசை நின்றது. ஷார்ட் என்றால் பியூஸ் போய் வீடே இருளும் என்பதுதான் அந்த அம்மையார் அறிந்தது.

"ஐயோ, வேலையே அதானா? எங்க வீட்டுல இப்பதான் புது ஐஸ்பெட்டி வாங்கியிருக்கோம்லா!"

"சும்மா வெளையாட்டுக்குச் சொல்றாக்கா..." என்று அப்பா சமாளிக்கத் தொடங்குவதற்குள், அத்தை உள்ளே சென்று ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட உதிரிகளைக் கொண்டு பொருத்திய பெட்டி. முறுக்குத் தட்டை நகர்த்திவிட்டு அதை மேசைமேல் வைத்து, கார் விளக்கொன்றை இணைத்தார். விளக்கு எரிந்தது.

"பாப்பா, இங்க வா. நீயே ஷார்ட் பண்ணு."

எட்டு வயதுவரை எனக்கு அப்படியோர் அனுமதி கிடைத்ததில்லை. அப்பா பியூஸ் பெட்டியை நோக்கி ஓடினார். தாயார் கண்களை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை ஒருவர்தான் அசையவில்லை. அத்தை பெட்டியின் குமிழைத் திருகக் கையை நீட்டியபோது மட்டும், "லெப்ட் நோப்பு கொஞ்சம் டைட்டு, பாத்து," என்றார் மெல்ல.

"தெரியும்," என்றார் அத்தை, தலை நிமிராமல்.

விளக்குக்குச் செல்லும் இரு கம்பிகளையும் நான் தொடவிட்டேன். கார் விளக்கு அணைந்தது. பெட்டியின் முகப்பிலிருந்த மின்னோட்டமானியின் முள் விருட்டென எழுந்து, இரண்டு என்ற எண்ணில் கட்டிப்போட்டாற்போல் நின்றது. வெடியும் இல்லை, புகையும் இல்லை. கூடத்து மின்விசிறி சுழன்றுகொண்டே இருந்தது. கம்பிகளை விலக்கியதும் விளக்கு மீண்டும் எரிந்தது.

"எவ்வளவு இழுத்தாலும் இதுக்கு மேல குடுக்காது ஆன்டி. நான் வச்ச அளவுதான்."

தாயார் முதலில் ஒரு கண்ணைத் திறந்தார். "எங்க, நானும் ஒருக்கா தொட்டுப் பாக்கறேன்." தொட்டார், விலக்கினார், மறுபடி தொட்டார். விளக்கு அணையும்போதெல்லாம் குழந்தைபோல் சிரித்தார். "அப்ப நம்ம வீட்டுக்கு இந்தப் பொண்ணுதான் சரி. என் மவன் அது வேணும் இது வேணும்னு இழுத்துக்கிட்டே இருப்பான். இவ அளவு வச்சிருவா!"

சிரிப்பொலி கேட்டுத்தான் அப்பா பியூஸ் பெட்டியிலிருந்து கையை எடுத்தார்.

அவர்கள் விடைபெற்றதும், அத்தையின் திருமணத்தை முடித்துவைத்தவள் நானே என்று அம்மாவிடம் அறிவித்தேன். தேநீர்க் குவளைகளை எடுத்துக்கொண்டிருந்த அம்மா, "ஆமாமா, நீயேதான்," என்று சொல்லிவிட்டு அத்தையைப் பார்த்துச் சிரித்தார். அத்தை பெட்டியைத் துடைப்பதிலேயே கருத்தாக இருந்தார்.

அன்றுதான் முதன்முதலாக எங்கள் வீட்டு வாசலை மிதித்தவருக்கு, அந்தப் பெட்டியின் இடப்பக்கக் குமிழ் இறுக்கமானது என்று எப்படித் தெரிந்தது? இக்கேள்வி எனக்கு எழவேயில்லை. இவையெல்லாம் ஆண்களுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும், எங்கள் அப்பா மட்டும் விதிவிலக்கு என்றே நெடுநாள் நம்பியிருந்தேன்.