இரண்டு நவரை மீனும் ஒரு போட்டோவும்

குவைத்தில் நான் சமையல் வேலை பார்க்கும் வீட்டார் ஒவ்வொரு கோடையிலும் எங்காவது கிளம்பிவிடுவார்கள். வீட்டைக் காக்க என்னை விட்டுவிட்டுத்தான் போவார்கள். போன வருடம் மிகோனோஸ் என்ற கிரேக்கத் தீவில் ஒரு மாதத்துக்குப் பங்களா எடுத்தார்கள். அங்கே மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று விசாரித்த முதலாளி, சமையல்காரனைக் கூட்டிப்போவதே லாபம் என்று முடிவு செய்துவிட்டார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் ஐரோப்பாவுக்குப் போனது இப்படித்தான்.

இதில் என்னைவிட என் மனைவிக்குத்தான் பெருமை. அவள் நர்ஸ். குவைத்திலேயே அப்பாசியா என்ற பகுதியில், கூட வேலை பார்க்கும் நான்கு பெண்களோடு ஒரு ஃபிளாட்டில் இருக்கிறாள். எனக்கு முதலாளி வீட்டிலேயே தங்கல் என்பதால் வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் அங்கே போவேன். போனாலும் அடுப்படி வாசலை ஒட்டி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கேட்டதற்குத் தலையாட்டிவிட்டுத் திரும்புவேன். அண்ணன் எந்த நாட்டுக்குப் போனாலும் அடுப்படியைத் தாண்டமாட்டார் என்று அந்தப் பெண்கள் சிரித்திருக்கிறார்கள். இவளுக்கு ரோஷம் வந்து பந்தயம் கட்டிவிட்டாள். அந்தத் தீவின் கடலில் நான் இறங்கி நிற்கும் போட்டோ வந்தால் அவர்கள் பிரியாணி செய்யவேண்டும். வராவிட்டால் இவள் செய்யவேண்டும்.

"கல்யாண ஆல்பத்துலயே எல்லா போட்டோவுலயும் தரையப் பாத்துக்கிட்டுதான் நிக்கிய," என்றாள் போனில். "இதுலயாவது மூஞ்சி தெரியணும். நீங்களே எடுத்துக்கிட்டா செல்லாது. வேற ஆளுகிட்ட குடுத்து எடுக்கணும், சொல்லிட்டேன்."

கடலில் இறங்குவது எனக்குப் பெரிய காரியமில்லை. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் பிறந்தவன் நான். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், என்னைப் போட்டோ எடுங்கள் என்று கேட்பதுதான் பெரிய காரியம்.

நான்கு வாரம் பங்களாவின் அடுப்படியிலேயே போய்விட்டது. ஜன்னல் வழியே கடல் நீலமாகத் தெரியும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, ஒரு வியாழக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்ததும் மேடம் எனக்கு லீவு கொடுத்தார். ஊருக்குள் போய் பஸ் பிடித்தேன். வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் உரசிக்கொள்ளும் சந்துகளில், கப்பலில் இருந்து இறங்கிய கூட்டம் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. பஸ்ஸில் ஒற்றைக் காலில்தான் நிற்க முடிந்தது.

கடற்கரையில் இறங்கினால் மணல் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியிருந்தது. தண்ணீர் வரைக்கும் குடையும் படுக்கையுமாக வரிசை போட்டிருந்தார்கள். ஒரு பணியாள் சிரித்துக்கொண்டே வந்து படுக்கைக்கு விலை சொன்னான். அப்பாசியாவில் ஒரு மாதம் படுத்து எழும்ப அதைவிடக் குறைவாகத்தான் கேட்பார்கள். எனக்கு வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு ஓரமாக நடந்தேன். முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை, ஷூ. அந்தக் கரையிலேயே அதிகமாக உடுத்தியிருந்தவன் நான்தான். அதனாலேயே எல்லாரும் என்னைப் பார்ப்பது போலக் கூசியது. போனை மூன்று முறை கையில் எடுத்தேன். மூன்று முறையும், யாரோ ஒருவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருந்தார். தொந்தரவு செய்யக்கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

பிரியாணிக்கு அரிசி எவ்வளவு ஊறவைக்கவேண்டும் என்று மனதில் கணக்குப் போட்டபடி, பாறைகளைத் தாண்டி நடந்தேன். பாட்டுச் சத்தம் குறைந்து காற்றுச் சத்தம் கூடியது. ஒரு வளைவைத் திரும்பினால் சின்னக் கரை ஒன்று. குடை இல்லை, ஆட்கள் இல்லை. அறுபது வயதிருக்கும் ஒரு மீன்காரர் மட்டும், காற்று வலுத்துவிட்டதால் தன் சிறு மரப்படகைக் கரையேற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பலகை போட்டிருந்தார். படகு ஒரு முழம் ஏறும். அலை வந்து இரண்டு முழம் இழுத்துக்கொள்ளும்.

நான் யோசிக்கவில்லை. ஷூவோடு இறங்கிப் படகின் பின்பக்கம் தோளைக் கொடுத்தேன். அவர் முன்னால் இழுக்க, நான் அலை வரும் நேரம் பார்த்துத் தள்ளினேன். நாலாவது அலையில் படகு மேலே போய் உட்கார்ந்தது. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். இடுப்புவரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன்.

அதோடு கிளம்பியிருக்கலாம். படகுக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு கூடை நிறைய நவரை மீன், சிவக்கச் சிவக்க. எங்கள் கரையில் படகுக்குத் தோள் கொடுத்தவன் குழம்புக்கு மீன் எடுத்துக்கொள்வான். கேட்பதில்லை. கேட்டால் படகுக்காரருக்குத்தான் மரியாதைக்குறைவு, அவர் கொடுக்கமாட்டார் என்று நினைத்ததாகிவிடும். பெரியதை எடுக்கக்கூடாது, கை கொள்ளும் அளவுக்கு எடுத்துக்கொண்டு பேசாமல் போகவேண்டும். என் கை அதன் பழக்கத்துக்கு நடுத்தரமாக இரண்டை எடுத்தது. நான் பேசாமல் நடந்தேன்.

பின்னாலிருந்து ஒரு சத்தம். திரும்பினால் அவர் இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி நிற்கிறார். அந்தப் பார்வை எந்த ஊரிலும் ஒன்றுதான். எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. ஓடிப்போய் மீனைக் கூடையில் வைத்து, "ஸாரி பாய், ஸாரி பாய்," என்றேன். குவைத்தில் யாரையும் அப்படிக் கூப்பிட்டே பழக்கம்; கிரேக்கரை பாய் என்று கூப்பிட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பிறகு கையால் படகைக் காட்டி, என் தோளைக் காட்டி, மீனைக் காட்டி, கிழக்கே எங்கோ தொலைவைக் காட்டினேன்.

அவர் என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். என் ஷூவிலிருந்து தண்ணீர் ஊற்றுவதையும் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியிருக்கவேண்டும். வயிறு குலுங்கச் சிரித்தார். அதே இரண்டு மீனையும் எடுத்து என் கையில் திணித்து, போ என்று கையாட்டினார்.

பத்தடி போயிருப்பேன். இப்போது போனால் அந்தப் போட்டோ கிடையாது என்று தோன்றியது. திருடன் என்று நினைத்தவரிடமே கேட்பதற்கு இனி என்ன வெட்கம்? திரும்பி வந்து போனை நீட்டினேன்.

"பாய், போட்டோ," என்றேன்.

அவர் கையைச் சட்டையில் துடைத்து வாங்கிக்கொண்டார். நான் தண்ணீரில் இறங்கி நின்றேன். வழக்கம்போல் தலை தானாகக் குனிந்தது. அவர் தன் தாடையை உயர்த்திக் காட்டினார். நிமிர்ந்தேன். அவர் இடுப்பில் கையை ஊன்றி, கண்ணை உருட்டி, சற்றுமுன் என்னை முறைத்ததுபோலவே செய்து காட்டினார். சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த நேரத்தில் அழுத்திவிட்டார்.

படத்தை அனுப்பினேன். மனைவியிடமிருந்து உடனே பதில் வந்தது.

"கடல்ல நிக்கச் சொன்னா குழம்புக்கு மீன் வாங்கிட்டு நிக்கிய. ஆனா மூஞ்சி நல்லா இருக்கு."

குவைத்துக்குத் திரும்பியபின் வந்த வெள்ளிக்கிழமை அப்பாசியாவுக்குப் போனால் பிரியாணி இல்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தது. படத்தில் குடை இல்லை, வெள்ளை வீடு இல்லை, வெள்ளைக்காரர் ஒருவரும் இல்லை. நான்கு பேரில் நாகர்கோவில் பக்கத்துப் பெண் போனைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"இது நம்ம ஊரு கடப்பொறம்தான் அக்கா. கையில நவரை வேற. பழைய போட்டோ."

என் மனைவி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, அதட்டவில்லை. நான் ஸ்டூலை அடுப்படி வாசலிலிருந்து ஹாலுக்குள் கொஞ்சம் நகர்த்திப் போட்டு, படுக்கை விலையிலிருந்து ஆரம்பித்தேன். ஸாரி பாய்க்கு வந்தபோது ஒருத்தி சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மீன்காரர் முறைத்ததை எழுந்து நின்று செய்தே காட்டினேன். அதன்பிறகு யாரும் சாட்சி கேட்கவில்லை. நான்கு பேரும் எழுந்துபோய் வெங்காயம் நறுக்கினார்கள்.

மூன்று மணிக்குத்தான் பிரியாணி வந்தது. எப்படி இருக்கிறது அண்ணே என்று நாகர்கோவில்காரி கேட்டாள். வழக்கமாகத் தலையாட்டியிருப்பேன்.

"உப்பு கொஞ்சம் பத்தல," என்றேன்.

நான்கு பேரும் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்கள். "இனிமே இப்படித்தான் பேசுவாரு போல," என்று அவள் சொல்லிவிட்டு, உப்பு டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.