ரங்காவின் மாடியில் மதியம் இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது?

தை பிறந்து வந்த முதல் சனிக்கிழமை ஸ்ரீரங்கம் போய் வந்தேன். கோயிலுக்கு அல்ல, ஒரு மொட்டை மாடிக்கு. வீட்டுக் கூரையில் சோலார் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், போட்டவர் வீட்டு மாடியில் ஒரு முழுப் பகல் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. அப்படிப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கன்னியர் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்த ரங்கநாயகி, ராஜகோபுரத்துக்கு உள்பக்கம் அடையவளஞ்சான் தெருவில் இருக்கிறாள். இப்போது என்னைப் போலவே கணவரை இழந்தவள். கீழே கொழுந்தன் வரதன் குடும்பம், மேலே இவள். சென்ற வைகாசியில் தன் பென்ஷன் சேமிப்பிலிருந்து ஆறு பேனல் போட்டாள். கணவர் போனபின் யாரையும் கேட்காமல் அவளாக முடிவெடுத்த முதல் காரியம் அது. பேனல் போட்ட இளங்கோவைச் சிபாரிசு செய்தது நான். எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டுக்கும் அவர்தான் செய்தார், இன்றுவரை ஒரு குறை சொல்ல முடியாது.

ஐப்பசி வரை ரங்காவுக்கும் குறையில்லை. கார்த்திகையிலிருந்து மின்சாரம் குறைய ஆரம்பித்தது. மழை மேகம் என்றார் இளங்கோ. மேகம் கலைந்தும் நிலைமை மாறவில்லை. காலையில் ஒழுங்காக ஓடும், மதியம் இரண்டு மணி வாக்கில் படுத்துவிடும். மூன்று முறை வந்து ஒயர்களைச் சோதித்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை இரவு ரங்கா போன் செய்தாள். "திங்கக்கிழமை கழட்ட ஆள் சொல்லிட்டாண்டி வரதன். மன்னிக்கு ஏன் இந்த வேலைன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருக்கான். இனிமே இந்த ஆத்துல ஒரு ஸ்விட்ச் மாத்தணும்னாலும் அவனைத்தான் கேக்கணும்" என்றாள். சிபாரிசு செய்தவள் நான். போகாமல் இருக்க முடியுமா?

காலை எட்டரைக்குப் புறப்பட்டேன். சத்திரம் பேருந்து நிலையத்துக்குத் தனியார் டவுன் பஸ், பதினைந்து ரூபாய். சில்லறை சரியாக வைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் என் தலைநரையைப் பார்த்துவிட்டு, "கவர்மென்ட் பஸ்ல வந்தா உங்களுக்கு ஃப்ரீம்மா" என்றார். "தெரியும்ப்பா, இதுதான் முதல்ல வந்துச்சு" என்றேன். சனிக்கிழமையும் நெரிசல் குறைவில்லை. ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ் அடிக்கடி உண்டு. முழங்கால் சொன்னதைக் கேட்டு நான் ஆட்டோ பிடித்தேன். இருநூறு கேட்டார், நூற்றைம்பதுக்கு முடிந்தது. பேட்டரி ஆட்டோ, சத்தமே இல்லை.

"கோயிலுக்கா பாட்டிம்மா?"

"மாடிக்கு."

"எந்த மாடி?"

"சோலார் மாடி. உங்க வண்டிக்குச் சார்ஜ் எங்க போடுறீங்க?"

"மதியம் சாப்பிடுற நேரத்துல ஒரு ஷெட்டுல போடுவேன். மேல பூரா பேனல்தான். நானும் சாப்பிட்டு முடிப்பேன், வண்டியும் சாப்பிட்டு முடிச்சிரும்."

காவிரிப் பாலத்தில் ஏறியபோது திரும்பிப் பார்த்தேன். சில வருடங்களுக்கு முன் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள் மட்டும் தெரிந்த கூரைகளில் இப்போது வரிசையாகப் பேனல்கள் மின்னுகின்றன. நாட்டின் மின்சாரத்தில் சூரியனின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது என்று பத்திரிகையில் படிக்கும்போது ராஜஸ்தான் பாலைவனம்தான் மனதுக்கு வரும். அந்தப் பங்கில் கொஞ்சம் இந்தக் கூரைகளிலும் இருக்கிறது. அதில் ஆறு பேனல் திங்கட்கிழமை இறங்கப்போகிறதே என்பதுதான் என் கவலை.

பத்து மணிக்கு ரங்கா வீடு. வாசலிலேயே வரதன். "வாங்கோ மேடம். உங்க சோலாரைப் பார்க்க வந்தேளா? கார்த்தாலேன்னா ஜோரா இருக்கும். மத்தியானம் ஆச்சுன்னா சர்க்கார் ஆபீஸ் மாதிரி தூங்கிடும்."

"நானும் சர்க்கார் ஆபீஸ்ல இருந்தவதான். ரயில்வேயில ஒரு நாள்கூட மத்தியானம் தூங்கினதில்ல" என்றேன். அவர் சிரித்துவிட்டார். சிரிக்கத் தெரிந்த மனிதர்.

மாடியில் நாற்காலி போட்டுக் குடையோடு உட்கார்ந்தேன். ரங்கா அருகில் கீரை ஆய்ந்தாள். மேகம் என்று சொல்ல வானத்தில் ஒன்றுமில்லை. பேனல்களில் தூசியும் இல்லை, அவள் தினமும் துடைக்கிறாள். கிழக்கே மூன்று, மேற்கே மூன்று. ரங்காவின் போனை வாங்கி வைத்துக்கொண்டேன். பேனல் தரும் மின்சாரத்தைக் காட்டும் பச்சைக் கோடு அதில் ஒழுங்காக மேலே ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டரைக்கு அங்கேயே இலை போட்டாள். சாத்தமுது, வாழைக்காய்க் கறமது, தயிர் சாதம். அவர்கள் வீட்டில் ரசத்துக்குச் சாத்தமுது, பொரியலுக்குக் கறமது என்று பெயர். பெயர் எதுவாக இருந்தாலும் மூன்று முறை கேட்டு வாங்கினேன்.

ஒன்றரைக்கு இளங்கோ உறையூரிலிருந்து வந்து சேர்ந்தார். இதுவரை அவர் வந்ததெல்லாம் காலை வேளையில்தான். மதியத்தில் அவருக்கு வேறு வேலைகள் இருக்கும். இந்த முறை நான்தான் கட்டாயம் மதியம் வரச் சொல்லியிருந்தேன். இரண்டு மணிக்கு வரதனும் மேலே ஏறி வந்தார். பேனல் தூங்குவதை நேரில் காட்டும் ஆசை அவருக்கு.

மடியில் வெயில் உறைப்பது சட்டென்று நின்றது. மேகமாக்கும் என்று குடையை விலக்கினேன். வானம் நீலமாகத்தான் இருந்தது, சூரியனைத்தான் காணோம். தென்மேற்கில் ராஜகோபுரம் நின்றது, அதன் பின்னால் சூரியன். மாடியின் மேற்கு ஓரத்திலிருந்து நிழல் ஒரு பேனல் மேல் ஏறி, அடுத்ததைத் தொட்டுக்கொண்டிருந்தது. போனைப் பார்த்தேன். பச்சைக் கோடு குழிக்குள் இறங்கிவிட்டது.

"இளங்கோ!" என்றேன். அவரும் பார்த்துவிட்டிருந்தார்.

"மாமி, வைகாசியில அளக்க வந்தப்ப நிழல் விழுமான்னு உங்ககிட்ட கேட்டேனே?"

"கேட்டே. மரம் இருக்கான்னே, பக்கத்து ஆத்து மாடி ஒசரமான்னே, தண்ணித் தொட்டியான்னே. ஒண்ணும் இல்லன்னேன். நிஜந்தானே?"

"கோபுரம்?"

ரங்கா கீரைத் தட்டைக் கீழே வைத்தாள். "கோபுரத்தைத் தண்ணித் தொட்டியோட சேர்த்து எப்படிப்பா சொல்றது? நான் கல்யாணம் ஆகி வந்தப்போ அது மொட்டைக் கோபுரம். ஒவ்வொரு நிலையா எழும்ப எழும்ப, மார்கழி தையில நிழல் தெருவைத் தாண்டி, எங்காத்து வாசலைத் தாண்டி, கடைசியில மாடிக்கே வந்துது. வந்த அன்னிக்கு எங்க மாமியார் சக்கரைப்பொங்கல் பண்ணினா. அதை இடைஞ்சல்னு உன் லிஸ்டுல எழுதச் சொல்றியா?"

வைகாசியில் சூரியன் வடக்கே சாய்ந்திருந்ததால் நிழல் இந்தப் பக்கமே வரவில்லை. எனவே இளங்கோ கண்ணிலும் அது படவில்லை. வருடா வருடம் பார்த்துக் கைகூப்பியவளுக்கோ அது நிழல் கணக்கிலேயே வரவில்லை.

வரதன் அதற்குள் செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டுக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இளங்கோ மெதுவாக, "காரணம் இதுதான் சாமி. ஆறு பேனலும் ஒரே சங்கிலி. ரெண்டு மேல நிழல் விழுந்தா மத்ததையும் சேர்த்து இழுத்திடும்" என்றார்.

"காரணம் கீரணம்னு சொல்லாதே. பெருமாள் கோபுரத்தைக் குத்தவாளிக் கூண்டுல ஏத்தறியா?"

ரங்கா பிடித்துக்கொண்டாள். "சரி வரதா, கோபுரம் மேல குத்தமில்ல. அப்போ யார் மேல? வெயில் வர வரைக்கும் பேனல் வேலை செஞ்சுது. இந்தப் பிள்ளை ஒயரெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கான். நான் பொய் சொல்லல. நீயே சொல்லு, யார் மேல குத்தம்?"

வரதன் இளங்கோவைப் பார்த்தார், பேனலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் குடையை மடக்கிக்கொண்டிருந்தேன்.

"அதுக்காகத் தினம் ரெண்டு மணிக்குப் படுக்கணுமா?" என்றார், குரல் இறங்கி.

"இன்வெர்ட்டர்ல பேனல் ஒயர் சொருக ரெண்டு வாய் இருக்கு, ஒண்ணு சும்மாதான் கிடக்கு" என்றார் இளங்கோ. "மேக்கு மூணு ஒரு சங்கிலி, கிழக்கு மூணு தனிச் சங்கிலி. அப்ப மேக்கு நிழல்ல நின்னாலும் கிழக்கு பாட்டுக்கு ஓடும். நாளைக்கு ஒரு மணி நேர வேலை. இந்த மாசத்துல கொஞ்சம் குறையத்தான் செய்யும், ஆனா இப்படிக் குழி விழாது."

"பெருமாள் எடுத்துக்கறதை எடுத்துக்கட்டும்" என்றாள் ரங்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏண்டி பிலோ, உன் ஆத்துப் பக்கத்துல மாதா கோயில் இருக்கே, அந்த மணிக்கூண்டு உன் மாடியில விழாதோ?" என்றாள்.

"அது வடக்குப் பக்கம். போடறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன்" என்றேன்.

"பார்த்திருப்பே. மாதாவையே அளந்திருப்பே நீ."

மூவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நிழல் மெல்லக் கிழக்கே நகர்ந்து, கடைசிப் பேனலையும் தாண்டி இறங்கியது. கோடு மறுபடி ஏறத் தொடங்கியபோது, வரதன் போனை என் கையிலிருந்து வாங்கி மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். ஆனால் திங்கட்கிழமை பற்றி வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இனி போகிறவர்களுக்கு. வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் முடிந்தபின் போங்கள். காலையில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் மாடியில் இருங்கள். தரை கொதிக்கும், செருப்பும் குடையும் அவசியம். அளக்க வருபவர் கோடையில் வந்தால், மார்கழியில் எது எங்கே நிழல் விழும் என்று அந்தத் தெருவில் நெடுநாள் இருப்பவரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். மரமா, தொட்டியா என்று கேட்டால் போதாது. மார்கழி மதியம் மாடியில் எந்த மூலையில் வெயில் காய்வீர்கள் என்று கேளுங்கள். சரியான பதில் வரும். கூரைகள் கூடக் கூட இப்படிப்பட்ட கேள்விகளும் கூடத்தான் வேண்டும். கருவி எல்லா ஊருக்கும் ஒன்றுதான், வெயில் அப்படி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இளங்கோ போய் இணைப்பை மாற்றிவிட்டார். திங்கட்கிழமை கழற்றுகிற ஆள் வந்தாராம், வரதன் வேண்டாமென்று சொல்ல மறந்துவிட்டார். ரங்கா போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பத்து மணிக்கே வந்துட்டாண்டி அவன். வரதன் திருப்பி அனுப்பவே இல்ல. காப்பி குடுத்து, சாப்பாடு போட்டு, ரெண்டு மணிக்கு மாடிக்கு அழைச்சுண்டு போய், 'பாருங்கோ, இந்தத் தெருவுல பெருமாள் கோபுரம் வந்து இளைப்பாறிட்டுப் போற ஒரே சோலார் எங்க மன்னியோடதுதான்'னு காட்டிண்டிருக்கான்."