கர்னல் லைனில் இருக்கிறார்

உலகத்து லிப்டுகள் எல்லாம் அண்ணனிடம் கேட்டுக்கொண்டுதான் மேலே போகின்றன. கேட்காமல் கிளம்பியவைதான் நடுவழியில் நிற்கின்றன. பத்தாவதில் இரண்டு தடவை கோட்டைவிட்ட தங்கை ஊரெல்லாம் இப்படித்தான் அளந்துகொண்டு திரிகிறாள்.

அண்ணனின் வேலை, லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் போன் எடுப்பது. திக்கிப் பேசுகிறவன் போனுக்கு வந்தது தனிக் கதை. எட்டு வருஷம் ஸ்டோர் ரூமில் நட்டு, போல்ட்டுகளோடு வாய் திறக்காமல் கிடந்தான். 'கா' வராது என்பதற்காகவே காப்பி கேட்காமல் டீ குடித்தான்.

கடைசியில் அவன் போய்ப் பார்த்த பேச்சுப் பயிற்சி டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "திக்கறத நான் பிடுங்கி எறியப் போறதில்ல, தம்பி. கூச்சப்படறத எறிவோம்." வீட்டுப்பாடமும் விசித்திரம். கடைகளில் வேண்டுமென்றே திக்க வேண்டும். எத்தனை தடவை திக்கினான் என்று நோட்டில் எழுதக் கூடாது. விழுங்காமல் சொன்னதை மட்டும் எழுத வேண்டும். முதல் வரி, "கா-கா-காப்பி." குடித்துப் பார்த்தால் பிடிக்கவில்லை. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தினமும் கேட்கிறான்.

போன் மேசையையும் அவனே கேட்டு வாங்கினான். முதலாளி ஒரு மாதம் கெடு வைத்தார். "சரிப்படலேன்னா திரும்ப ஸ்டோருக்குத்தான்."

அன்றிலிருந்து கட்டைக் குரல் கர்னல் ஒருவரும் சளி பிடித்த வக்கீல் ஒருவரும் அடிக்கடி போன் போட்டு லிப்ட் சந்தேகம் கேட்டார்கள். இரண்டு பேருமே அடுக்களையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கைதான். சும்மா கலாட்டாவுக்கு என்பாள். அண்ணனுக்குப் பேசிப் பழக ஆள் வேண்டுமே என்று நினைத்ததை மட்டும் சொல்லமாட்டாள்.

கெடுவின் கடைசி நாள், இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பெண் போனில் அலறினாள்.

"எ-எனக்குத் திக்கும்மா. மெ-மெதுவாத்தான் பேசுவேன். ஆள் வ-வர்ற வரைக்கும் லைன்லயே இருப்பேன்."

இருபது நிமிடம் இருந்தான். வெளியே வந்த கையோடு அவள் முதலாளியைக் கூப்பிட்டாள்: "அந்தத் தம்பி பேசலேன்னா உள்ளயே மயங்கி விழுந்திருப்பேன் சார்."

சேதி தெரியாத கர்னல் சாயங்காலம் கனைத்துக்கொண்டு வந்தார்.

"வ-வணக்கம் கர்னல். மேசை எ-எனக்கேதான்."

"பேஷ்! எந்த மேசை?"

"நடிக்காதடி. போன் பண்றவங்க எல்லாரும் என் வா-வார்த்தையப் பாதியிலயே பிடுங்கி முடிச்சுடுவாங்க. இந்தக் கர்னலும் வக்கீலும் மட்டுந்தான் கா-காத்திருக்காங்க. வேற யாரா இருக்கும்?"

ஊரையே வாயால் விற்கும் தங்கைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "நா... நான் வந்து... நா..."

அண்ணன் ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லை. போனை வைக்கவும் இல்லை. காத்திருந்தான்.