அசல் பினாங்கு, திருப்பரங்குன்றம் ரோடு

சாப்பாட்டுக் கடைத் தொழிலில், ஒரு ருசியை ஊர் நம்பும்படி செய்வது சுலபம். நாம் நம்புவதுதான் கஷ்டம். எங்கள் கடை மிளகாய்ச் சம்பலின் கதையை ஒன்பது வருடமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் எல்லோருக்கும் சொல்லிவருகிறேன். என் கூட்டாளியும் சமையல் மாஸ்டருமான சிக்கந்தர் அண்ணன், மலேசியாவின் பினாங்கில் ஒரு மலாய் அம்மாளின் கடையில் ஏழு வருடம் அடுப்படியில் நின்று கற்றது என்பது கதை. அதை நம்பித்தான் மருந்துக் கம்பெனி வேலையை விட்டேன். ‘அசல் பினாங்கு நாசி லெமாக்’ என்று போர்டு எழுதினேன்.

நான் பினாங்கைப் பார்த்ததில்லை. அந்த அம்மாளின் அடுப்பு எப்படி இருக்கும் என்று கேட்டால், அண்ணன் அந்தக் கடைக்கு முன்னால் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடும் பெஞ்சைப் பற்றிச் சொல்வார். ‘அசல்’ பொய் என்றால் போர்டை இறக்க வேண்டியவன் நான். அடுத்தவர் சொல்லை நம்பிக் கடை போட்டிருந்தால் உங்களுக்கும் இந்த உறுத்தல் தெரியும்.

அரத்தை

இறைச்சியைத் தேங்காய்ப்பாலில் சுண்டவைக்கும் ரெண்டாங் கறிக்கு அரத்தை சேர்க்க வேண்டும். மதுரையில் அதற்கு நாட்டு மருந்துக் கடைதான் கதி. மாதாமாதம் கீழமாசி வீதிக்குப் போய்க் கிலோக்கணக்கில் வாங்குவேன். கடைக்காரர் நாகரிகமானவர், எதற்கென்று கேட்டதே இல்லை. பல மாதம் கழித்து, பொட்டலத்தை நீட்டியபடி குரலைத் தாழ்த்தினார்: “அண்ணே, தப்பா நினைக்காதீங்க. வீட்ல யாருக்கு இம்புட்டுச் சளி?”

சால்னா

நாசி லெமாக் என்பது தேங்காய்ப்பாலும் வாசனைக்கு ரம்பை இலையும் சேர்த்து வேகவைத்த சோறு. பக்கத்தில் சம்பல், வறுத்த நெத்திலி, நிலக்கடலை, வெள்ளரிக்காய், அவித்த முட்டை. அவ்வளவுதான். பேரையூரிலிருந்து வந்த ஒரு லாரி டிரைவரிடம் இதையெல்லாம் நின்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாஞ் சரிண்ணே, சால்னா எங்க?” என்றார்.

அவர் ஒருவரில்லை, வந்தவர்களில் பாதிப் பேர் அதையே கேட்டார்கள். கடை காற்றாடிக்கொண்டிருந்த சமயம். நமக்கென்ன, ஒரு வாளி சால்னா வைத்தால் போயிற்று என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார். தோள் துண்டை உதறி மடித்து மேசைமேல் வைத்தார். கோபம் இல்லாத குரலில் சொன்னார்: “வைப்போம் மாப்ள. பரோட்டாவும் போடுவோம். போர்டை மட்டும் இப்பவே இறக்கிரு.”

அன்றிலிருந்து எங்கள் கடையில் சால்னா இல்லை.

எலி

சம்பலுக்கு உயிர் பெலாச்சான். இறாலைப் புளிக்கவைத்து இடித்த கட்டி. சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வரவழைப்போம். அதைத் தோசைக்கல்லில் சுடும்போது வரும் வாடையை எழுதிக் காட்ட எனக்குத் திறமை போதாது. பக்கத்துத் தையல்கடைக்காரர் முதல் நாள் மெஷினை நகர்த்திப் பார்த்தார். இரண்டாம் நாள் துணி மூட்டைகளை ரோட்டில் போட்டு உதறினார். மூன்றாம் நாள் ஏணி வைத்து மச்சில் ஏறிச் செத்த எலியைத் தேடினார். நான் ஒன்றும் தெரியாதவன் போல ஏணியைப் பிடித்துக்கொள்ளக்கூடத் தயாராக இருந்தேன்.

மனசாட்சி உறுத்தி மூன்றாம் நாள் உண்மையைச் சொல்லி, ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தவர், பாதியில் கையை எடுத்துவிட்டார். தட்டை வழித்துவிட்டுச் சொன்னார்: “செத்தது எதுவா இருந்தாலும் நல்லாச் செத்திருக்குண்ணே.”

தவமணி

தவமணி பினாங்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கணவருக்குக் கப்பலூர்த் தொழிற்சாலையில் வேலை என்பதால் இரண்டு வருடமாக மதுரை வாசம். ‘மலேசியன்’ என்று எழுதிய இடமெல்லாம் ஏறி இறங்கி, இனிப்புத் தண்ணீரில் ஊறிய சிவப்பு நூடுல்ஸாகவே சாப்பிட்டு நொந்தவர். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் எங்கள் போர்டை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. உள்ளே வந்தார்.

ஒன்பது வருடத்தில் பினாங்குக்காரர் ஒருவர் எங்கள் தட்டைத் தொடுவது அதுதான் முதல் தடவை. விரல் நுனியால் சம்பலை மட்டும் தொட்டு வாயில் வைத்தார். நான் கல்லாவில் உட்கார முடியாமல் எழுந்து நின்றேன். அவர் முழுத் தட்டையும் சாப்பிட்டார். இன்னொன்று கேட்டார்.

“எங்கம்மா வைக்கிற சம்பல் இல்ல இது அங்கிள்,” என்றார் கை கழுவிவிட்டு. நான் மனசுக்குள் போர்டை இறக்கத் தொடங்கினேன். “எங்க ரோட்டோரக் கடையில காலையில வாங்கித் தின்போமே, அந்தச் சம்பல். அதேதான் லா,” என்றார், பினாங்குப் பேச்சின் வாலோடு.

திருப்பரங்குன்றம் ரோடு முழுவதும் அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை.

“ஒண்ணு சொல்லவா? அங்க மிளகாயும் வெங்காயமும் ஒண்ணா அரைச்சுத்தான் வதக்குவாங்க. உங்க மாஸ்டர் இந்த ஊரு மாதிரி வெங்காயத்தை நறுக்கித் தாளிக்கிறாரு. வழி வேற, போய்ச் சேர்ந்த இடம் ஒண்ணு. இது பக்கத்துல நின்னு கத்துக்கிட்ட கை இல்ல அங்கிள், தின்னு தின்னு கண்டுபிடிச்ச நாக்கு.”

அவர் போனபிறகு வெளியே வந்து போர்டைப் பார்த்தேன். ஒன்பது வருடம் நான் சந்தேகப்பட்டது சரிதான் போலிருக்கிறது. ஆனால் போர்டில் பொய் எதுவும் இல்லை. சமையலறைக்குப் போனேன். அண்ணன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

கைக்குச் சான்றிதழ் தேடி அலைந்த எனக்குக் கடைசியில் ஒரு நாக்குதான் கிடைத்தது என்றாலும், கேட்காமல் இருக்க முடியவில்லை: “அண்ணே, நெசத்தைச் சொல்லுங்க. அந்தம்மா கடையில ஏழு வருசமும் நீங்க அடுப்புப் பக்கம் நின்னீங்களா, பெஞ்சுல உக்காந்தீங்களா?”