தொண்ணூறு நாளில் மக்காத பை

கிளெனிஸ் பர்ட்டனும் அவள் தங்கை ஏவிஸும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆப்பிள் தோட்டம்தான். ஒருத்தி துணி காயப்போடுவது மற்றவளுக்குத் தெரியும். ஆனாலும் பேச்சில்லை. காரணம், ஒரு வாளி மக்கு உரம்.

டாஸ்மேனியாவில் எங்கள் வாட்டில் பே ஊரில் நவம்பர் மாதக் கண்காட்சியில் கேக்குக்கும் ஜாமுக்கும் போட்டி இருப்பது போல மக்கு உரத்துக்கும் போட்டி உண்டு. சமையலறைக் கழிவு மக்கும் வீட்டு உரக்குவியலிலிருந்து அவரவர் ஒரு வாளி கொண்டுவர வேண்டும். பள்ளிக்கூடக் கேண்டீனில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்ற கிளெனிஸ்தான் பதினொரு வருடமாக நடுவர். வாளியை மேசையில் கொட்டுவாள், சலிப்பாள், மோந்து பார்ப்பாள், விரலிடுக்கில் தேய்த்துப் பார்ப்பாள். நான்கு வருடம் தொடர்ந்து நீல ரிப்பன் ஏவிஸுக்குத்தான் போனது.

ஐந்தாவது வருடம் ஏவிஸின் வாளியில் நகம் அளவுக்குப் பச்சைத் துணுக்குகள் கிடந்தன. கிளெனிஸ் தயங்கவில்லை. தயங்கினால் தங்கை என்பதால்தான் என்று ஊர் சொல்லும். ‘பிளாஸ்டிக் கலப்பு, போட்டியிலிருந்து நீக்கம்’ என்று அட்டையில் எழுதினாள்.

"நான் பிளாஸ்டிக்கே போடல, க்ளென். தவளைப் பை மட்டும்தான் போட்டேன். மக்கிடும்னு பை மேலயே எழுதியிருக்கு" என்றாள் ஏவிஸ்.

"பை மேல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. சல்லடையில என்ன கெடக்குன்னு தெரியும்."

"அப்ப நான் பொய் சொல்றேன்ங்கிறியா?"

கண்காட்சிக் கொட்டகையில் எழுபது பேர் இருந்தார்கள். கிளெனிஸ் பதில் சொல்லாமல் அடுத்த வாளியை எடுத்தாள். அட்டையைக்கூட ஏவிஸ் மறந்திருப்பாள். அந்த மௌனம்தான் அவள் நெஞ்சில் ஆணியாக இறங்கிவிட்டது.

அந்த வருடம்தான் கடைக்கு வந்த தவளைப் பை எங்கள் ஊரில் எல்லோர் வீட்டிலும் இருந்தது. சமையலறைக் கழிவு போடுகிற பை. மேலே சிரிக்கும் தவளைப் படம். அதற்குக் கீழே, ‘உங்கள் வீட்டு உரக்குவியலில் தொண்ணூறே நாளில் மண்ணாகிவிடும்.’ சாதாரணப் பையைவிட மூன்று மடங்கு விலை. பூமிக்கு நல்லது என்று நம்பி வாங்கினோம்.

இரண்டு வருடம் கழித்து, மறுபடி நவம்பர். மேசையில் ஒன்பது வாளிகள். ஏவிஸ் வாளி அனுப்பவில்லை. மூன்றாவது வாளியைச் சலிக்கும்போது கிளெனிஸின் கை நின்றது. அரிசிமணி அளவில் பச்சை. ஐந்தாவதிலும் இருந்தது. ஒன்பதாவதை முடித்தபோது ஆறு வாளிகளில் பச்சை எடுத்திருந்தாள். சல்லடையைக் கையில் பிடித்தபடியே, வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்த போட்டியாளர்களிடம் போனாள்.

"உண்மையைச் சொல்லுங்க. இங்க யாரெல்லாம் தவளைப் பை போடுறீங்க?"

முன்னாள் பஸ் டிரைவர் மர்ரி தொண்டையைக் கனைத்தார்.

"நேத்து என் பொண்டாட்டி புருவம் பிடுங்குற இடுக்கிய எடுத்து மூணு மணி நேரம் பொறுக்கினேன், க்ளென். போன வருஷமும் அப்படித்தான். வெளிய சொன்னா அசிங்கம்னு சொல்லல."

"நீயுமா?" என்றது ஒரு குரல்.

"நான் மீன் முள்ளு எடுக்கிற இடுக்கி" என்றது இன்னொன்று.

ஆறு பேர். ஆறு பேரும் தங்களுக்குத்தான் உரம் போடத் தெரியவில்லை என்று வெட்கப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பொறுக்கியிருக்கிறார்கள். கூட்டமே சிரித்தது. கிளெனிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவள் தங்கை பொறுக்கவில்லை. மறைக்க எதுவும் இல்லை என்று நம்பி, அள்ளியதை அள்ளியபடியே கொண்டுவந்தவள் அவள் ஒருத்திதான். கிளெனிஸ் சல்லடையை வைக்கோல் கட்டின் மேல் வைத்துவிட்டு நடந்தாள்.

அரை மணி நேரத்தில் அவள் ஏவிஸின் வாசலில் நின்றாள். கொசுவலைக் கதவு திறக்கவில்லை. வலைக்குப் பின்னால் ஏவிஸின் முகம் மட்டும் தெரிந்தது.

"தப்பு என் மேலதான், ஏவி."

"இங்க வந்து எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அன்னிக்கு எழுபது பேர் கேட்டாங்க. இதையும் அவங்க கேக்கணும்."

கிளெனிஸ் நேராகக் கண்காட்சிச் செயலாளர் டெஸ்மண்டிடம் போனாள். அவர் தலையை ஆட்டிவிட்டார். "அந்தக் கம்பெனி பெரிய கம்பெனி, க்ளென். ஆறு வாளியைக் காட்டி ‘பை மக்காது’ன்னு மைக்குல சொன்னா, அடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸ் நம்ம வாசல்ல நிக்கும். ஆதாரம் கொண்டா, மைக்கை நானே உன் கையில குடுக்கிறேன்."

அன்றே ஆறு ஜாம் பாட்டில்களில் துணுக்குகளைப் போட்டு, பெயரும் தேதியும் ஒட்டி, படம் எடுத்து, நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் அனுப்பினாள். பிப்ரவரியில் தொலைபேசி மணி அடித்தது. டூலா பெட்ராகிஸ் என்ற அதிகாரி.

"பூமிக்கு நல்லதுன்னு ஒரு பொருளை விக்கிறவங்க அப்படிச் சொல்ல ஆதாரம் வச்சிருக்கணும், மிஸஸ் பர்ட்டன். இருபத்தோரு நாள்ல காட்டச் சொல்லி நோட்டீஸ் குடுத்திருக்கோம்."

கிளெனிஸ் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருபத்தொரு கட்டம் வரைந்து ஒவ்வொன்றாக அடித்தாள். இருபத்து மூன்றாம் நாள் டூலா மறுபடி அழைத்தாள்.

"ஆய்வுக்கூட அறிக்கை குடுத்திருக்காங்க. பை தொண்ணூறு நாள்ல மக்கியிருக்கு."

கிளெனிஸ் கதவில் வரைந்த கட்டங்களை அழிக்கத் துணியை எடுத்தாள்.

"ஆனா சோதனை நடந்தது ஐம்பத்தெட்டு டிகிரில. பெரிய தொழிற்சாலைக் குவியல்ல இருக்கிற சூடு அது. பையில எழுதினது ‘வீட்டுக் குவியல்’னு. உங்க ஊர்ல வீட்டுக் குவியல் எவ்வளவு சூடாகும்? யாராவது அளந்து எழுதி வச்சிருக்காங்களா? இருந்தா எங்க நிபுணர் வேலை பாதி முடிஞ்சுது."

எழுதி வைத்தவள் ஊரிலேயே ஒருத்திதான். தினமும் காலை ஏழு மணிக்கு நீளமான வெப்பமானியைக் குவியலில் செருகி, சமையலறை நாட்காட்டியில் குறிக்கிறவள்.

கிளெனிஸ் மறுபடி அந்தக் கொசுவலைக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். அழுதபடியே விஷயத்தைச் சொன்னாள். ஏவிஸ் உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து ஏழு வருட நாட்காட்டிகளோடு வந்து, கதவை ஒரு சாண் மட்டும் திறந்து நீட்டினாள்.

"கோடையில நாப்பத்தொண்ணைத் தாண்டினதில்ல. ஜூலைக் குளிர்ல ஒம்பதுதான். ஒண்ணையும் தொலைச்சிடாத."

"ஏவி, நீ எனக்காக..."

"உனக்காக இல்ல. அந்தத் தவளைக்காக."

கதவு மூடியது. ஆனால் அன்று அவள் உள்தாழ்ப்பாள் போடவில்லை என்பதைக் கிளெனிஸ் கவனித்தாள். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே அவள் குளிர்காலம் முழுவதையும் ஓட்டிவிட்டாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை டூலா தொலைபேசியில் செய்தி சொன்னாள். கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. மீறினால் நீதிமன்றம் வரை இழுக்கக்கூடிய உறுதிமொழி. பையிலிருந்து அந்த வாசகம் போக வேண்டும். ‘வீட்டுக் குவியலில் மக்கும் என்று நாங்கள் சொன்னதற்குப் போதிய ஆதாரம் இல்லை’ என்று கடைகளிலும் பத்திரிகையிலும் அறிவிப்புப் போட வேண்டும். கேட்டு வருகிறவர்களுக்குப் பணத்தைத் திருப்ப வேண்டும். கிளெனிஸ் ரிசீவரைக் கீழே வைக்க மறந்து சமையலறையில் குதித்தாள். அறுபத்து மூன்று வயது.

சனிக்கிழமை கண்காட்சிச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். டெஸ்மண்ட் சொன்னபடி மைக்கைக் கொடுத்தார். கடைசி வரிசையில், கோட்டைக்கூடக் கழற்றாமல் ஏவிஸ் உட்கார்ந்திருந்தாள்.

கிளெனிஸ் ஆணையத்தின் கடிதத்தை வாசித்தாள். பிறகு அதை மடித்தாள்.

"பைக்காரங்க செஞ்ச தப்பை அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. என் தப்பை நான் சொல்லணும். என் தங்கச்சி அன்னிக்கு உண்மைதான் சொன்னா. ஒரு அச்சடிச்ச பை சொன்னதை நாம எல்லாரும் நம்பினோம். அறுபது வருஷமாத் தெரிஞ்சவ சொன்னதை நான் நம்பல. நான் பொய் சொல்றேன்ங்கிறியான்னு அவ கேட்டப்ப, இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவ பொய் சொல்றவ இல்ல. அன்னிக்கும், இன்னிக்கும்."

ஏவிஸ் எழுந்தாள். யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

கிளெனிஸ் மைக்கை டெஸ்மண்டின் மடியில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். ஏவிஸின் பழைய பிக்கப் வண்டி இயந்திரம் ஓடியபடி நின்றது. ஓட்டுபவருக்கு அடுத்த இருக்கையின் கதவு திறந்திருந்தது.

"எழுபது பேர் இருந்தாங்களா?" என்று கேட்டாள் ஏவிஸ். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் பழைய குரல்.

"எண்பதுக்கு மேல."

"சரி. இன்னிக்குக் குவியலைப் பெரட்டுற நாள். எனக்கு இடுப்பு சரியில்ல. ஏறுறியா, இல்ல உள்ள போய் இன்னும் பேசப் போறியா?"

கிளெனிஸ் ஏறினாள். ஆளுக்கொரு நீளக் காம்புக் கவைக்கோலோடு இருட்டும் வரை குவியலைப் புரட்டினார்கள். தோண்டத் தோண்ட மூன்று வருடத்துப் பச்சைத் துணுக்குகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து ஏவிஸ் அக்காவின் கோட்டுப் பையில் போட்டாள். கிளெனிஸ் ஒருமுறைகூடத் தடுக்கவில்லை.